ஒரே இருக்கைக்கு இரண்டு டிக்கெட்: லீடரைத் தேர்ந்தெடுக்க எந்த வழி?

தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை இரவு மடிவாளாவில் நின்றவர்களுக்கு அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சில்க் போர்டு வரை பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். சேலம், மதுரை, நெல்லை என்று கூவிக்கொண்டு ஆட்கள் ஓடுவார்கள். அப்படி ஓர் இரவில், நெல்லை பஸ்ஸின் 7ஆம் எண் இருக்கைக்கு இரண்டு குடும்பங்கள் டிக்கெட்டோடு வந்து நின்றன. இரண்டு டிக்கெட்டும் நாங்கள் விற்றவை. இரண்டுக்கும் பணம் வந்திருந்தது. எதையும் போலி என்று சொல்ல வழியில்லை.

நான் வேலை பார்ப்பது சின்ன நிறுவனம். பெங்களூரிலிருந்து தமிழ்நாட்டுக்கு ஓடும் தனியார் பஸ்களுக்கு ஆன்லைன் முன்பதிவு செய்து தருகிறோம். எஞ்சினியர்கள் ஆறு பேர். டேட்டாபேஸ், போஸ்ட்கிரஸ். முதன்மை சர்வர் வைட்ஃபீல்டில் ஒரு டேட்டா சென்டரில் இருந்தது, அதன் நகல் எலக்ட்ரானிக் சிட்டியில் இன்னொன்றில். இடையில் ஒரு தனி ஃபைபர் இணைப்பு. அன்று மாலை எங்கேயோ ரோடு தோண்டியவர்கள் அந்தக் கேபிளை அறுத்துவிட்டார்கள் (பெங்களூரில் ரோடு தோண்டாத நாள் ஏது?). நகல் சர்வரில் நாங்களே எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்ட், 30 நொடியாக முதன்மையிடமிருந்து பதில் இல்லை, ஆகவே அது செத்துவிட்டது என்று முடிவுகட்டி, நகலுக்கு முதன்மைப் பட்டம் கட்டியது. ஆனால் வைட்ஃபீல்டு சர்வர் சாகவில்லை. அதன் இணையத் தொடர்பு நன்றாகவே இருந்தது. 11 நிமிடம் இரண்டும் தனித்தனியாக டிக்கெட் விற்றன. 23 இருக்கைகள் இரண்டு முறை விற்றுப்போயின.

அடுத்த மூன்று வாரம் வேறு வேலை ஓடவில்லை. இனி யார் லீடர் (டிக்கெட்டை எழுதும் உரிமையுள்ள முதன்மை சர்வர்) என்பதை எப்படி முடிவு செய்வது என்று ஒவ்வொரு வழியாக எடுத்துப் போட்டுப் பார்த்தோம். எங்களைப் போன்ற சிறிய குழுக்கள் பெங்களூரில் நிறைய இருப்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு

இரண்டு பேர் மட்டும் இருந்தால் இந்தச் சிக்கலுக்கு விடிவே கிடையாது. எதிராளியின் குரல் கேட்கவில்லை என்றால் அவர் செத்தாரா, நடுவில் கம்பி அறுந்ததா என்று நம் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. மூன்றாவதாக ஓர் ஓட்டு வேண்டும். மூன்று பேரில் இரண்டு பேர் பெரும்பான்மை; ஐந்து பேரில் மூன்று பேர். ஒரே குழுவில் எந்த இரண்டு பெரும்பான்மைகளை எடுத்தாலும் இரண்டிலும் குறைந்தது ஓர் ஆளாவது பொதுவாக இருப்பார். அவர் ஒரே தேர்தலில் இரண்டு பேருக்கு ஓட்டுப் போடமாட்டார் என்றால், ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஜெயிக்க முடியாது. சர்வர்கள் ஓட்டெடுத்து ஒரே முடிவுக்கு வரும் முறைகளான பாக்ஸோஸ், ராஃப்ட், ஜாப் எல்லாமே இந்த ஒற்றைக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன. நான்கு சர்வர் வைத்தால் மூன்றைவிடப் பலம் என்று நினைக்க வேண்டாம். நான்கிலும் ஒன்று போவதைத்தான் தாங்கும், மூன்றிலும் ஒன்று போவதைத்தான் தாங்கும். நான்காவதுக்குக் கொடுக்கும் வாடகை வீண்.

இன்னொன்றையும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். செய்தி எவ்வளவு நேரத்தில் வந்து சேரும் என்று எந்த வரம்பும் இல்லாத நெட்வொர்க்கில், ஒரே ஒரு சர்வர் நின்றுபோகலாம் என்ற நிலை இருந்தாலே, கட்டாயம் முடிவுக்கு வரும் என்று உறுதி தரும் முறையை உருவாக்க முடியாது (சீட்டுக் குலுக்கல் இல்லாத முறைகளுக்கு இது பொருந்தும்). ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் 1985இல் இதை நிறுவிவிட்டார்கள். ஆகவே நடைமுறையில் இருக்கும் நல்ல முறைகள் எல்லாம் ஒன்றை விட்டுக்கொடுக்கின்றன. எப்போது முடிவு வரும் என்று சத்தியம் செய்வதில்லை. இரண்டு முடிவு வராது என்று மட்டும் சத்தியம் செய்கின்றன.

எங்கள் ஒப்பீட்டின் அளவுகோல் இதிலிருந்துதான் வந்தது. நிலைமை மிக மோசமானால் இந்த அமைப்பு நின்றுபோகுமா, பொய் சொல்லுமா? டிக்கெட் விற்பனை ஐந்து நிமிடம் நின்றால் திட்டு வாங்குவோம். பொய் சொன்னால் மடிவாளாவில் இரண்டு குடும்பங்கள் நிற்கும். ஒரு விற்பனையாளர் ஒரு நொடிக்கு எத்தனை லட்சம் எழுத்து (டேட்டாபேஸில் எழுதும் பதிவு) தாங்கும் என்று வரைபடம் காட்டினார். எங்களுக்கு அது உதவவில்லை.

சீக்கிரம் ஒதுக்கியவை

முதலாளிக்குத் தெரிந்த ஒருவர் பிளாக்செயின் போடச் சொன்னார். அது குழுவில் பொய் சொல்பவர் இருந்தாலும் தாங்கும் வகை. லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் மூவரும் 1982இல் பைசாண்டியத் தளபதிகள் சிக்கலை எழுதியபோதே, ஒரே ஒரு பொய்யரைச் சமாளிக்க மொத்தம் நான்கு பேர் வேண்டும் என்று காட்டினார்கள். காஸ்ட்ரோவும் லிஸ்கோவும் 1999இல் அதை நடைமுறை வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒருவரை ஒருவர் நம்பாத பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரு கணக்கு எழுதுவதென்றால் அது தேவை. எங்கள் சர்வர்கள் எல்லாம் எங்களுடையவை. அவை சாகலாம், தூங்கலாம், துரோகம் செய்யாது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்தது, நாமே எழுதுவது. குழுவில் இளையவர், தர்மபுரிக்காரர், ராஃப்ட் கட்டுரையைப் படித்துவிட்டு இரண்டு நாள் தூங்காமல் வந்தார். "அக்கா, ரெண்டே வாரத்துல எழுதிடலாம்" என்றார். எங்கள் டீம் லீடரான கோயம்புத்தூர் அக்கா சொன்னது: "எழுதிடலாம் தம்பி. மூணாவது வாரத்துல இருந்து அதை யாரு பாத்துக்கறது?"

அவர் ஆசைப்பட்டதில் தப்பில்லை. ராஃப்ட் அப்படி ஆசைப்பட வைக்கும்படி எழுதப்பட்டதுதான். லாம்போர்ட் பாக்ஸோஸை ஒரு கிரேக்கத் தீவின் பழைய பாராளுமன்றக் கதையாக 1990இல் எழுதி அனுப்பினார். அது அச்சில் வர 1998 ஆயிற்று. படித்தவர்களுக்குப் புரியவில்லை என்று 2001இல் எளிமையாக மறுபடி எழுதினார். ஸ்டான்ஃபோர்டில் ஆங்காரோவும் ஔஸ்டர்ஹவுட்டும் 2014இல் ராஃப்டை வெளியிட்டபோது, புரிவதையே முதல் குறிக்கோளாக வைத்தார்கள். 43 மாணவர்களுக்கு இரண்டையும் கற்பித்துத் தேர்வு வைத்ததில் 33 பேர் ராஃப்டில் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். ஆனால் புரிவது வேறு, தீபாவளி இரவில் ஓடுவது வேறு. கூகுளில் பாக்ஸோஸை நிஜமாக ஓடவிட்ட அனுபவத்தை 2007இல் எழுதினார்கள்: ஒரு பக்கத்தில் விளக்கிவிடக்கூடிய முறை, கையில் வந்தபோது பல ஆயிரம் வரி சி++ ஆகிவிட்டதாம். டிஸ்க் கெட்டுப்போவது, உறுப்பினர் மாறுவது, பதிவேட்டைச் சுருக்குவது எல்லாம் அந்த ஒரு பக்கத்தில் இல்லை. ஆறு பேர் கொண்ட குழுவுக்கு இது சரிப்படாது.

போன் போட்டு எழுப்புவது

தானாக எதுவும் மாற வேண்டாம். முதன்மை விழுந்தால் யாரையாவது எழுப்பு, அவர் பார்த்து முடிவு செய்யட்டும். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நான் சிரிக்கமாட்டேன். இந்த ஏற்பாடு இருந்திருந்தால் அன்று 7ஆம் எண் இருக்கை இரண்டு முறை விற்றிருக்காது. மனிதர்தான் மூன்றாவது ஓட்டு. அவருக்கு ஒரே ஒரு விதி: புதியதை எழுப்புவதற்கு முன் பழையதைக் கொன்றுவிட வேண்டும். டேட்டா சென்டருக்குப் போன் போட்டு அந்த சர்வரின் மின்சாரத்தைப் பிடுங்கச் சொன்ன பிறகுதான் நகலைத் தொடலாம். எச்எஸ்ஆர் லேஅவுட்டில் தூங்குபவர் போன் எடுத்து, லேப்டாப்பைத் திறந்து, விபிஎன் போட்டு, நிலைமையைப் புரிந்துகொள்ள 20 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு இரண்டு முறை 20 நிமிடம் உங்கள் தொழிலுக்குத் தாங்கும் என்றால், மீதிக் கட்டுரையைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. எங்களுக்குப் பண்டிகைக்கு முந்தைய வெள்ளி இரவில் தாங்காது. மற்ற நாளில் தாங்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ரெடிஸ் பூட்டு

ரெடிஸ், தரவை நினைவகத்தில் வைத்து வேகமாகத் தரும் ஒரு கிடங்கு. இது எங்களிடம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் முதலில் எல்லோர் கையும் இதை நோக்கித்தான் போனது. ரெடிஸில் ஒரு சாவியை எழுது, 10 நொடிக் கெடு வை, எழுதியவர்தான் லீடர். ஒரே ரெடிஸ் என்றால் அது விழுந்தால் எல்லாம் விழும். அதற்கு நகல் வைத்தால், நகலுக்குத் தகவல் போவது பின்னால்தான் நடக்கும். பூட்டு போட்ட அடுத்த கணம் முதன்மை விழுந்தால் நகலில் அந்தப் பூட்டே இருக்காது. இதைச் சரிசெய்ய ரெடிஸை உருவாக்கிய சான்ஃபிலிப்போ, தனித்தனியான பல ரெடிஸ்களில் பெரும்பான்மை வாங்கும் ரெட்லாக் முறையை முன்வைத்தார். 2016இல் ஆய்வாளர் மார்ட்டின் கிளெப்மன் அதை மறுத்து எழுத, சான்ஃபிலிப்போ பதில் எழுத, அந்த வாதம் இன்றும் படிக்கச் சுவாரஸ்யமானது.

கிளெப்மனின் குறையைப் புரிந்துகொள்ள ரெடிஸே தேவையில்லை. பூட்டை வாங்கிய புரோகிராம் நடுவில் 15 நொடி உறைந்துபோகிறது. ஜாவாவில் குப்பை அள்ளும் (தேவையற்ற நினைவகத்தைக் காலி செய்யும்) நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கெடு முடிகிறது. இன்னொருவர் பூட்டை வாங்கி வேலையை முடிக்கிறார். முதலாமவர் கண் விழிக்கிறார். தான் தூங்கியதே அவருக்குத் தெரியாது. பூட்டு இன்னும் தன்னிடம் இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறார். இதற்கு மருந்து, ஆஸ்பத்திரி டோக்கன் போல ஏறிக்கொண்டே போகும் ஓர் எண். ஒவ்வொரு பூட்டோடும் ஓர் எண் கொடு. டேட்டாபேஸ் 34ஆம் எண்ணைப் பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு 33ஐக் கொண்டுவருபவரைத் திருப்பி அனுப்பட்டும். ரெட்லாக் இந்த எண்ணைத் தானாகத் தருவதில்லை. தவிர, அது கடிகாரங்களை நம்புகிறது.

ஆக, ரெடிஸை விட்டுவிட்டோமா? இல்லை. பயணி யுபிஐ பக்கத்தில் பணம் கட்டும் 8 நிமிடம் அந்த இருக்கையை மற்றவர்களுக்குக் காட்டாமல் வைக்க இன்றும் அதுதான். அங்கே அது பொய் சொன்னாலும், கடைசியில் போஸ்ட்கிரஸில் பஸ், தேதி, இருக்கை மூன்றும் சேர்ந்து ஒரு முறைதான் வரலாம் என்ற கட்டுப்பாடு இருக்கிறது. இரண்டாமவருக்குப் பணம் திரும்பும், மடிவாளாவில் நிற்கமாட்டார். அன்றும் இந்தக் கட்டுப்பாடு இருக்கத்தான் செய்தது. இரண்டு டேட்டாபேஸிலும் தனித்தனியாக இருந்தது, அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

மூவர் குழு: எட்சிடி, ஜூகீப்பர், கான்சல்

இந்த மூன்றும் ஓட்டெடுப்பு வேலைக்காகவே பிறந்தவை. ஜூகீப்பர் யாஹூவில் பிறந்தது, முறை ஜாப். உறுதியானது, ஜாவாவில் ஓடுவது. நீண்ட காலம் அதை நம்பியிருந்த, செய்திகளைக் கடத்தும் மென்பொருளான காஃப்காவே தனக்குள் ராஃப்ட் வைத்துக்கொண்டு 2025இல் வந்த 4.0 பதிப்பில் அதை முழுக்கக் கழற்றிவிட்டது. வீட்டில் ஏற்கெனவே இருந்தால் வைத்துக்கொள்ளலாம். புதிதாக வாங்க எனக்குக் காரணம் தெரியவில்லை. கான்சலும் ராஃப்ட்தான், 2023இல் உரிமம் மாறியதும் எங்கள் ஆர்வம் குறைந்தது. அதன் மற்ற வசதிகள் எங்களுக்குத் தேவைப்படவும் இல்லை.

எட்சிடி 2013இல் கோர்ஓஎஸ் நிறுவனத்தில் பிறந்தது. பல சர்வர்களில் புரோகிராம்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸின் நினைவு முழுக்க இதில்தான் இருக்கிறது. அதனால் பெங்களூரில் இதைத் தொட்டுப் பார்த்த ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை, அதுவே ஒரு பெரிய தகுதி. உள்ளே ராஃப்ட். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஓர் ஆட்சிக்கால எண், ஏறிக்கொண்டே போகும். பழைய எண்ணோடு வரும் லீடரின் கட்டளையை யாரும் மதிக்கமாட்டார்கள். மேலே சொன்ன டோக்கன் இங்கே உடம்பிலேயே இருக்கிறது.

எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து 'எனக்கு ஓட்டுப் போடு' என்றால் ஓட்டு சிதறி யாரும் ஜெயிக்காமல் போகும். அதற்காக ஒவ்வொருவரும் தற்செயலான ஒரு நேரம் காத்திருக்கிறார்கள். ராஃப்ட் கட்டுரை சொல்வது 150 முதல் 300 மில்லி நொடி. இதைப் படித்தபோது எனக்கு உத்திரமேரூர் ஞாபகம் வந்தது. பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டில் இருக்கும் குடவோலை முறையிலும் கடைசி முடிவு ஒரு சிறுவனின் கையில் வரும் ஓலையைப் பொறுத்தது. தகுதியெல்லாம் பார்த்த பிறகு இழுபறியைக் குருட்டு அதிர்ஷ்டத்திடம் விட்டுவிடுவது, அதுவும் 360 நாள் கெடுவோடு. நம்மவர்கள் ராஃப்ட் கண்டுபிடித்தார்கள் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு முன் நிறுத்திக்கொள்கிறேன்.

எட்சிடியிடம் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று டிஸ்க். ஒவ்வொரு எழுத்தும் டிஸ்க்கில் பதிந்த பிறகே ஒப்புதல் தரும். அந்தப் பதிவு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை 10 மில்லி நொடிக்குள் முடிய வேண்டும் என்பது அவர்களின் அறிவுரை. பழைய சுழலும் டிஸ்க்கில் போஸ்ட்கிரஸோடு சேர்த்துப் போட்டால், டேட்டாபேஸ் மும்முரமாக இருக்கும் நேரம் பார்த்து லீடர் மாறிக்கொண்டே இருக்கும். தனி எஸ்எஸ்டி கொடுங்கள்.

இரண்டாவது, அரைகுறையாகச் சாகும் நெட்வொர்க். சர்வர்கள் துரோகம் செய்யாது என்றேனே, ஸ்விட்ச்சுகள் செய்யும். 2020 நவம்பரில் கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தில் ஒரு ஸ்விட்ச் (சர்வர்களை இணைக்கும் நெட்வொர்க் பெட்டி) பாதி உயிரோடு நின்றது. மூன்று எட்சிடிகளில் ஒன்றுக்கு லீடரோடு பேச முடியவில்லை, ஆனால் மூன்றாமவரோடு பேச முடிந்தது. அது திரும்பத் திரும்பத் தேர்தல் கேட்டுக்கொண்டே இருந்ததில் யாரும் நிலையாக ஆள முடியாமல் போனது. அதன் பின்விளைவுகள் ஓய 6 மணி 33 நிமிடம் ஆயிற்று. இதற்கு மருந்தான முன்வாக்கு, எட்சிடி 3.5 பதிப்பிலிருந்து இயல்பாகவே இயங்குகிறது: 'தேர்தல் வைத்தால் ஓட்டுப் போடுவீர்களா' என்று முதலில் விசாரிக்க வேண்டும், லீடரின் குரல் கேட்டுக்கொண்டிருப்பவர் இல்லை என்று சொல்லிவிடுவார். இந்த நிலைமை எங்கள் கேபிள் அறுந்த நிலைமைக்கு எவ்வளவு நெருக்கம் என்று அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

பேட்ரோனி: யார் லீடர் என்பது பாதிதான்

எட்சிடி டிக்கெட் விற்காது. அதற்கும் போஸ்ட்கிரஸுக்கும் நடுவில் நிற்கும் மென்பொருள் பேட்ரோனி. ஒவ்வொரு போஸ்ட்கிரஸ் பக்கத்திலும் ஒரு பேட்ரோனி உட்கார்ந்திருக்கும். முதன்மையின் பேட்ரோனி எட்சிடியில் ஒரு சாவியை 30 நொடிக் கெடுவோடு எழுதி, 10 நொடிக்கு ஒரு முறை புதுப்பிக்கும். புதுப்பிக்க முடியவில்லை என்றால் தன் போஸ்ட்கிரஸைத் தானே பதவியிறக்கிவிடும். நகல்கள் சாவி காணாமல் போனதைப் பார்த்தால்தான் பதவிக்குப் போட்டியிடும். முன்னால் நின்று கோரிக்கைகளைத் திருப்பிவிடும் எச்ஏபிராக்ஸி பேட்ரோனியிடம் கேட்டு, முதன்மை என்று சொல்பவரிடம் மட்டும் வேலையை அனுப்பும். பேட்ரோனியே உறைந்துபோனால்? அதற்கு வாட்ச்டாக் இருக்கிறது. குறித்த நேரத்தில் தட்டிக்கொடுக்காவிட்டால் அது சர்வரையே ரீபூட் செய்துவிடும். பலர் இதைப் போடுவதில்லை. போடுங்கள்.

இவ்வளவும் செய்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தோம். கோயம்புத்தூர் அக்காதான் கேட்டார்: "லீடர் யாருன்னு ஒத்துக்கிட்டாச்சு. ஆனா புது லீடர்கிட்ட கடைசி நிமிஷ டிக்கெட் எல்லாம் இருக்கா?" இல்லை. போஸ்ட்கிரஸ் நகலுக்குத் தகவல் போவது இயல்பாகப் பின்னால்தான். முதன்மை ஒரு டிக்கெட்டை விற்று, பயணிக்கு எஸ்எம்எஸ்ஸும் போன பிறகு, நகலுக்குப் போகும் முன் செத்தால், புதிய லீடர் கணக்கில் அந்த இருக்கை காலி. மறுபடி விற்கும். தேர்தல் சட்டப்படி சரியாக நடந்து, அதே மடிவாளா காட்சி.

புரோகிராமர்கள் கோடு வைக்கும் தளமான கிட்ஹப்பில் 2018 அக்டோபரில் நடந்தது இந்த வகைதான். அமெரிக்கக் கிழக்குக் கரையில் 43 நொடி நெட்வொர்க் போனது. அவர்களின் அமைப்பு முறைப்படி ஓட்டெடுத்து மேற்குக் கரையில் புதிய முதன்மைகளை நியமித்தது. ஆனால் கிழக்கில் நடந்த சில எழுத்துகள் மேற்குக்குப் போயிருக்கவில்லை. மேற்கில் புதிய எழுத்துகள் சேர்ந்துகொண்டே போயின. இரண்டையும் கவனமாக ஒன்றுசேர்த்து எழுந்து நிற்க 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. தரவு கெடுவதைவிடத் தாமதம் பரவாயில்லை என்று அவர்கள் எடுத்த முடிவு சரி என்பது என் கருத்து. எங்களுக்கு 11 நிமிடக் கணக்கை ஒன்றுசேர்க்க மூன்று நாள் ஆனது.

எனவே பேட்ரோனியில் ஒத்திசைவு முறையைப் போட வேண்டும்: நகலும் எழுதிக்கொண்ட பிறகே 'டிக்கெட் ஆயிற்று' என்று சொல்வது, அப்படி எழுதிக்கொண்ட நகல் மட்டுமே அடுத்த லீடராகலாம் என்பது. இங்கே ஒரு கிளைப்பாதை. நகல் செத்துவிட்டால் முதன்மை தனியாக ஓடலாமா, நிற்க வேண்டுமா? இயல்பு முறையில், நகல் போனதை எட்சிடியில் பதிந்துவிட்டுத் தனியாக ஓடும். கடும் முறையில், எழுதுவதையே நிறுத்தும். எங்களிடம் இருப்பது ஒரே நகல் என்பதால் கடும் முறை என்றால் ஏதோ ஒரு சர்வரைப் பழுது பார்க்கும்போதெல்லாம் விற்பனை நிற்கும். இயல்பு முறையை எடுத்தோம். தனியாக ஓடும் நேரத்தில் முதன்மையும் செத்தால், தானாக யாரும் லீடராகாது, மனிதரை எழுப்பும். அது எனக்குச் சம்மதம்.

காசு கொடுத்து வாங்குவது

அமேசான் மும்பையில் 2016இலிருந்து இருக்கிறது. அங்கே அவர்களே நடத்தும் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ் எடுத்து, இரண்டு மண்டலத்தில் (தனித்தனி டேட்டா சென்டர்களில்) வைத்தால், ஒத்திசைவு, தேர்தல், மூன்றாவது ஓட்டு எல்லாம் அவர்கள் தலைவலி. மாறுவதற்குப் பொதுவாக 60 முதல் 120 நொடி ஆகும் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பெங்களூரிலிருந்து மும்பை நேர்கோட்டில் 840 கிலோமீட்டர் அளவில் இருக்கும்; ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும் என்றால் போய்வர எப்படியும் 8 மில்லி நொடிக்கு மேல். ஒரு டிக்கெட்டுக்கு டேட்டாபேஸிடம் 20 கேள்வி கேட்கும் எங்கள் பழைய புரோகிராம் பெங்களூரிலும் டேட்டாபேஸ் மும்பையிலும் இருந்தால் இழுக்கும். எல்லாவற்றையும் சேர்த்து நகர்த்த வேண்டும். நீங்கள் புதிதாகத் தொடங்குகிறீர்கள், கையில் டேட்டா சென்டர் ஒப்பந்தம் இல்லை என்றால், யோசிக்காமல் இதை எடுங்கள். எங்களுக்கு இரண்டு வருட ஒப்பந்தம் பாக்கி, நகர்த்தினால் மாதச் செலவு இரண்டரை மடங்கு.

காக்ரோச்டிபி, யுகாபைட் போன்றவை டேட்டாபேஸுக்குள்ளேயே ராஃப்டை வைத்திருக்கின்றன. தரவைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் தனி ஓட்டெடுப்பு. லீடரும் தரவும் ஒரே ஓட்டெடுப்பில் முடிவாவதால் அக்கா கேட்ட கேள்வியே இங்கே எழாது. நாங்கள் பார்த்தவற்றில் இது மட்டும்தான் சிக்கலை வேரோடு தீர்க்கிறது. அப்படியிருந்தும் எடுக்கவில்லை. காக்ரோச்டிபி இலவசப் பதிப்பை 2024இல் நிறுத்தி, வருமானம் பார்த்து உரிமம் தரும் முறைக்குப் போனது. யுகாபைட்டில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் எங்கள் பழைய கேள்விகளையும், பரிவர்த்தனை மோதினால் மறுபடி முயலும் வேலையையும் புதிதாக எழுத வேண்டும். இரண்டு வருடம் கழித்து ஒப்பந்தம் முடியும்போது இந்தப் பத்தியை நானே மாற்றி எழுதலாம்.

மூன்றாவது ஓட்டு எங்கே?

பேட்ரோனியும் எட்சிடியும் என்று முடிவானது. மூன்றாவது எட்சிடியை வைட்ஃபீல்டிலேயே வைத்தால் அந்தக் கட்டடம் இருட்டானதும் பெரும்பான்மையும் போய்விடும். மூன்றாவது இடம் வேண்டும். அதற்குப் போஸ்ட்கிரஸ் தேவையில்லை, ஓட்டு மட்டும் போதும் என்பதால் சென்னையில் ஒரு சின்ன வாடகை சர்வர் எடுத்தோம். நேர்கோட்டில் 290 கிலோமீட்டர், போய்வரக் கணக்குப்படி 3 மில்லி நொடி. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் கூடத்தான் செய்யும். எட்சிடியின் துடிப்பு 100 மில்லி நொடிக்கு ஒன்று, தேர்தல் கெடு 1000 மில்லி நொடி; தாராளமாகப் போதும். தவிர, பெங்களூரில் இருக்கும் இரண்டும் ஒப்புக்கொண்டாலே பெரும்பான்மை. அதில் ஒன்று லீடராக இருக்கும்வரை ஒவ்வொரு எழுத்துக்கும் சென்னைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை 3 மணிக்கு, அதே கேபிளை நாங்களே அறுத்தோம், ஃபயர்வாலில். வைட்ஃபீல்டும் எலக்ட்ரானிக் சிட்டியும் ஒன்றை ஒன்று பார்க்க முடியாது. இரண்டும் சென்னையைப் பார்க்கலாம். கிளவுட்ஃபிளேரின் அரைகுறை ஸ்விட்ச் அப்படியே எங்கள் வீட்டில். டிக்கெட் எழுத்துகள் முதலில் தொங்கின, எலக்ட்ரானிக் சிட்டி நகலின் ஒப்புதலுக்காக. கொஞ்ச நேரத்தில் வைட்ஃபீல்டு பேட்ரோனி அந்த நகலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுத் தனியாக ஓடத் தொடங்கியது. ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. எலக்ட்ரானிக் சிட்டி எட்சிடி தேர்தல் வைக்கலாமா என்று சென்னையிடம் கேட்டது. சென்னை இல்லை என்றது. இன்னொரு முறை எட்சிடி லீடர் எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும்படி வைத்து அறுத்தோம். வைட்ஃபீல்டு பேட்ரோனியின் அமைப்பில் பக்கத்து எட்சிடியின் முகவரி மட்டும் இருந்ததால் சாவியைப் புதுப்பிக்க முடியாமல் பதவியிறங்கிவிட்டது, காரணமே இல்லாமல். மூன்று முகவரியையும் எழுதிய பிறகு சென்னை வழியாகப் புதுப்பித்துக்கொண்டது. இந்தத் தவறு காகிதத்தில் யார் கண்ணிலும் படவில்லை.

நான்கரை மணிக்குக் கேபிளைத் திருப்பிச் சேர்த்தோம். தர்மபுரித் தம்பி பழைய ஸ்கிரிப்ட்டை, யாரும் சொல்லாமலே, இரண்டு சர்வரிலிருந்தும் அழித்தார். அப்புறம் தீபாவளி வெள்ளி இரவு மடிவாளாவில் யார் யார் நிற்பது என்று பட்டியல் போட்டோம். முதல் பெயர் என்னுடையது.